தலைமேல் அடித்த சத்தியம்

டென்மார்க்கில் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் காபியும் கேக்கும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, ‘ஃபெஸ்ட்’ என்கிற வெள்ளிக்கிழமை விருந்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு எத்தனை பீர் குடிக்கலாம் என்று நிதானமாகப் பேசுவார்கள். நான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். என் முறை வந்ததும், “எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை” என்றேன். என் மகள் யாழினியின் தோழி ஸோஃபியுடைய அம்மா தலையாட்டிவிட்டு, “சரி, ஒருவேளை குடித்துவிட்டால்?” என்று கேட்டாள். இதென்ன கேள்வி! என் பெண்ணைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து, அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்தது அசல் காஞ்சிபுரத்து வேலை. யாழினியின் கையை இழுத்து என் தலைமேல் வைத்து, “குடிக்க மாட்டேன்னு அடிச்சி சத்தியம் பண்ணு” என்றேன். பண்ணினாள். அப்பாடா, தொல்லை விட்டது என்று சாம்பார் வைக்கப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஸோஃபியின் அம்மா ஃபோன் செய்தாள். யாழினி குடித்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வரப் பயந்து பனியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை ஸோஃபிதான் தேடிப்பிடித்துத் தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். வசவுகளையெல்லாம் வழியிலேயே அடுக்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் யாழினி ஓடிவந்து என் நெற்றியையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலியே?”

சத்தியத்தை மீறினால், யார் தலையில் அடித்தோமோ அவர் செத்துப்போவார் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஐயோ, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. குடிச்சது தப்புதான், அத நாளைக்குப் பேசலாம். ஆனா எந்த நிலையில இருந்தாலும் முதல்ல எனக்கு ஃபோன் பண்ணு” என்றேன்.

என் அண்ணன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறார். பதினேழு வயதில் அவர் குடித்துவிட்டு வந்தபோது எங்கள் அம்மாவும் இப்படித்தான் சத்தியம் வாங்கினார். இரண்டே வாரத்தில் அண்ணன் மறுபடி குடித்தார். அடுத்த வருஷம் சர்க்கரை நோய் முற்றி அம்மா இறந்துபோனார். “நான்தான் கொன்னுட்டேன்” என்று அண்ணன் கதறியபோது, இல்லையென்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பயத்திலாவது திருந்தட்டும் என்று விட்டுவிட்டோம். திருந்தவில்லை, இன்றைக்கும் குடிக்கிறார்.

மறுநாள் காலை, யாழினி சோபாவில் என் மடியில் படுத்திருந்தபோது அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மதியம், தறி ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாமா, இந்த நேரத்துல?”

“அண்ணா, அம்மா சக்கரையாலதான் செத்துப்போச்சு. உன் சத்தியத்தால இல்ல. டாக்டர் அப்பவே சொன்னாரு. எங்க எல்லாருக்கும் தெரியும்.”

தறிச் சத்தம் நின்றது.

“இத்த சொல்ல உங்களுக்கு இத்தினி வருஷம் ஆச்சாம்மா?”

அண்ணன் அழ ஆரம்பித்தார். மடியில் யாழினி குளிரில் நடுங்குகிறவள்போல இன்னும் ஒடுங்கிப் படுத்தாள். ஒரு கையால் அவளைத் தட்டிக்கொடுத்தபடி, மறு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, அங்கே அழுகிறவரைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.