தொடையில் உருட்டிய பேண்டேஜ்

இரண்டு வருடங்களுக்கு முன், பிசியோதெரபி மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது நடந்தது. எனக்கு ஊர் ராஜபாளையம். அம்மாவுக்கு பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்றுகிற வேலை. அங்கிருந்து வரும் வேஸ்ட் துணியைத் தொடைமேல் வைத்து உருட்டி உருட்டி விளையாடியே வளர்ந்தவள் நான்.

அன்று காலை செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இதிலும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கணுக்கால் சுளுக்கியவராக நடிக்க ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கட்டுப் போட வேண்டும். பிரிக்கும்போதே பேண்டேஜ் கைநழுவி, கட்டில் முழுக்க அவிழ்ந்து ஓடியது. பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா? என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, துணியைத் தொடைமேல் போட்டு விறுவிறுவென்று உருட்டிவிட்டேன்!

தேர்வு நடத்திய பெண்மணியின் பேனா நின்றது. ஐயோ, போச்சு! நோயாளிக்குக் கட்டும் துணி நம் உடுப்பில் படக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். பேசாமல் கட்டிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மனசு கேட்கவில்லை. தவறு என்னுடையது என்று சொல்லி, அந்த ரோலைக் குப்பையில் போட்டு, கையைக் கழுவி, புதிதாக ஒன்றைப் பிரித்துக் கட்டினேன்.

மதியம் கூப்பிட்டுச் சொன்னார்கள். தவறுக்கு மதிப்பெண் போயிற்று, நானே ஒப்புக்கொண்டு திருத்தியதால் பாஸ்! குப்பையில் கிடந்த ரோல் மெஷினில் சுற்றியது மாதிரி இருந்ததே, எங்கே பழகினாய் என்று வேறு கேட்டார் அந்தப் பெண்மணி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். எனக்காக வேண்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் அப்படியொரு சிரிப்பு.

"ஏட்டி, கம்பெனில நாங்களே கிளவுஸ் மாட்டி மேசையிலதான் சுத்துறோம். நீ சீமைக்குப் போயி தொடையில உருட்டுனியாக்கும்! இரு, பால்கோவா வாங்கிட்டுப் போறேன். நாளைக்கு எல்லாருக்கும் குடுத்து, சொல்லிச் சொல்லிச் சிரிக்கணும்."

போனை வைக்கப் போகும்போது கேட்டார்: "அந்த மனுசருக்குக் கட்டு இறுக்கமா இல்லையே?"

அவர் நோயாளியே இல்லையம்மா, நடித்தவர் என்றேன்.

"இருந்தாலும் காலு காலுதான?" என்றார்.

இத்தனை வருடமாக ரோல் சுற்றும் என் அம்மா, அதைக் கட்டிக்கொண்ட ஒருவரையும் பார்த்ததில்லை. இன்றும் கட்டுப் போட்டு முடித்ததும் 'இறுக்கமா இருக்கா?' என்று நான் கேட்பது, அம்மாவுக்காகவும் சேர்த்துத்தான்.