ஃபேனை நிறுத்தும் நிர்மலாதேவி

மொரப்பூர் டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் எதைச் சோதிக்க வேண்டுமானாலும் நிர்மலாதேவியிடம்தான் போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள்தான் அங்கே லேப். கைராசிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். ஸ்லைடு காய்கிற பத்து நிமிடமும், சித்திரை வெயிலானாலும், தூசி விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிடுவாள். மேசைப் பக்கம் யாராவது கண்ணைக் கசக்கினால் போச்சு. "அழுவறதுன்னா வெளிய போயி அழுவுங்க" என்று விரட்டுவாள். கல்நெஞ்சுக்காரி என்று பேர்.

அன்று வந்தவள் கம்பைநல்லூர் பாரதி. ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டும் தங்கவில்லை. காலையிலிருந்து நீர் கசிகிறது. பனிக்குடம் உடைந்ததா, வெறும் சிறுநீரா என்று தெரிய வேண்டும். பனிக்குட நீர் கண்ணாடியில் காய்ந்தால், அதிலுள்ள உப்பும் புரதமும் சேர்ந்து இலை இலையாகக் கிளைவிடும். மைக்ராஸ்கோப்பில் பெரணிச் செடி மாதிரியே தெரியும். தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸில் தருமபுரி பெரியாஸ்பத்திரி. பிள்ளை பிழைப்பது சாமி விட்ட வழி.

"இதுவாவது தங்குங்களாக்கா?" என்றாள் பாரதி.

நிர்மலாதேவி அவளை வெளியே உட்காரவைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். டாக்டரம்மா எடுத்துக் கொடுத்த நீரில் ஒரு சொட்டைக் குனிந்து ஸ்லைடில் வைத்தாள்.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், இலை. நரம்பு நரம்பாக, அத்தனை அழகு. பாழாய்ப்போன அழகு. ரிப்போர்ட் எழுதப் பேனாவை எடுத்தவள் மறுபடி பார்த்தாள். ஓரத்தில் மட்டும்தான் இலை. நடுவில் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் தன் கன்னம் ஈரமாயிருப்பது உறைத்தது. கண்ணீர் காய்ந்தாலும் இதே இலைதான். அதற்காகத்தானே இத்தனை வருடமாக ஊரையே விரட்டினாள்.

"தப்பு என்னுதுங்க டாக்டரம்மா. இன்னொரு தடவை எடுத்துக் குடுங்க."

இரண்டாவது ஸ்லைடு காயும்வரை முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டியே நின்றாள். பிறகு மூலை முடுக்கெல்லாம் மூன்று தரம் தேடினாள். இலை இல்லை. டாக்டரம்மாவும் பார்த்து, பனிக்குடம் உடையவில்லை என்று தலையாட்டினார்.

பாரதியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப மொதல்ல தெரிஞ்சது யாரு கண்ணீருங்க?"

"என்னுதுதான்."

"நீங்களா? எதுக்குங்க அழுதீங்க?"

"உனக்குத்தான்டி. வேற யாருக்கு?"

பாரதி அந்த மேசைமேலேயே தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். நிர்மலாதேவி விரட்டவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.