ஏரிக்கு மேலே கார் ஓட்டும் மாமா

என் மாமாவுக்கு ஒரு கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்பது அம்மாவுக்கு நேர்த்திக்கடன் போல ஆகிவிட்டிருந்த காலம் அது. மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கனடாவின் நடுவிலே, கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கோதுமை வயலாய்க் கிடக்கும் சமவெளியில், ஒரு சின்ன ஏரிக்கரை ஊரில் இருந்தார். கோடையில் பட்டணத்துச் சனம் வந்து குளித்துக் கும்மாளம் போட்டுவிட்டுப் போகிற ஊர். அங்கே வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளைப் பராமரிப்பது அவருடைய வேலை. பேசிய சம்பந்தங்களெல்லாம் "அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்ற முதல் கேள்வியோடேயே முறிந்துபோயின. டொரன்டோவுக்காவது மாறு என்று அம்மா போனில் அழுதும் பார்த்தார். மாமா அசையவில்லை. அவருக்கு அந்த ஏரி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் நியூசிலாந்தில், நாங்கள் இருந்த ஆக்லாந்திலேயே ஒரு பெண் சரிவந்தது. பாட்டனி டவுன்ஸில் வீடு, மன்னார்க் குடும்பம், பெண் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். ஏரிக்கரையில் கூட்டம் கலைந்த பிறகு, பனி இறுகுவதற்கு முன்னால் கிடைத்த லீவில் மாமா ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் வந்திறங்கினார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கலாம் என்பார்கள். அம்மா பொய் சொல்லவில்லை, படம் மட்டும் தெரிந்தெடுத்தார். மாமா கொண்டுவந்த படங்களில் ஜூலை மாதத்தை மட்டும் ஒரு உறைக்குள் போட்டார். மணல், குடை, மிதிபடகு, ஐஸ்கிரீம் கடை. பனி தெரிந்த படங்களெல்லாம் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அம்மா ஒரு முழுப் பனிக்காலத்தையே மறைக்கப் பார்த்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. என்னிடம் யாரும் எதையும் மறைக்கச் சொல்லவில்லை.

பெண் பார்க்கப் போன சனிக்கிழமை பற்றிஸும் ரோல்ஸும் கேக்கும் மேசை நிறைய இருந்தன. பெண்ணின் அப்பா ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல வடிவான இடம். வருசம் முழுக்க இப்பிடித்தானோ?" என்று கேட்டார்.

"ஓம், எப்பவும் ஆக்கள் வந்து போற இடம்" என்றார் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. உலகத்திலேயே சிறந்த விஷயத்தை அம்மா சொல்லாமல் விட்டுவிட்டாரே! "மாமா அந்தத் தண்ணிக்கு மேலதான் கார் ஓடுறவர்!" என்றேன். பெண்ணின் அப்பா சிரித்தார். நம்பவில்லை என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏரி கல்லாய் உறையும், கடையெல்லாம் பலகை அடித்துப் பூட்டிவிடுவார்கள், காருக்கே இரவில் கரண்ட் கொடுத்துச் சூடாக வைக்க வேண்டும், மாமாவையும் நாலைந்து கிழவர்களையும் தவிர ஒரு குருவியும் இருக்காது என்று இங்கிலீஷும் தமிழுமாய் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. பெண்ணின் அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்து மழுப்பியிருக்கலாம், சின்னப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளியிருக்கலாம். "ஓம், பிள்ளை சொல்லுறது சரிதான்" என்றார்.

"நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் பெண்ணின் அப்பா. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நான் பின்வளவுக்கு ஓடிப்போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணாகிய அந்த அக்கா ஒரு தட்டில் பற்றிஸோடு வந்து, நல்ல சேலை கசங்குமே என்ற கவலையில்லாமல் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"நீ அங்க போயிருக்கிறியோ?"

"இல்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் போனில சொல்லுவார்."

"கவலையாய்ச் சொல்லுவாரோ?"

அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. "இல்லை, சிரிச்சுச் சிரிச்சுத்தான். ஏரி கத்துறதை எனக்குக் கேட்கப் பண்ணுவார்" என்றேன். இரவில் குளிர் ஏற ஏற ஐஸ் வெடித்து ஊஊ என்று ஒரு சத்தம் போடும். எனக்கு அது கேட்கவேண்டும் என்பதற்காக மாமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"வெளியிலயோ? அந்தக் குளிருக்குள்ளயோ?"

"ஓம். சில நேரம் ஏரி கத்தாது. கத்துமட்டும் நிப்பார். கை விறைச்சுப் போச்சு, கொஞ்சம் பொறு, இப்ப கத்தும் எண்டு சொல்லிக்கொண்டே நிப்பார்."

மாமா தனியாக என்ன சமைப்பார், அந்தக் கிழவர்களுக்குச் சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பது என்றெல்லாம் அக்கா பிறகு கேட்டார். யாராவது விழுந்தால் மாமாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார், ஆனால் அவருடைய பருப்புக் கறி வாயில் வைக்க முடியாதாம் என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். தட்டை என்னிடமே விட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது காருக்குள் மாமா முன்சீற்றிலிருந்து கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தடவினார். அதில் எனக்கு இன்னும் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனிமேல் வாயே திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பொழுதுபடுவதற்குள் போன் வந்தது. பெண்ணின் அப்பா இல்லை, பெண்ணே எடுத்திருந்தார். மாமாவிடம் தரச் சொன்னார். கதவுக்கு வெளியே அம்மா செபமாலையோடு நடந்துகொண்டிருக்க, மாமா உள்ளே ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா என் மாமியாகி அந்த ஊருக்கே போய்விட்டார். என்னால்தான் இந்தக் கல்யாணம் தப்பிப் பிழைத்தது என்று அம்மா இப்போது யாரிடமும் சொல்லுவார், கிள்ளியதைச் சொல்லமாட்டார். உள்ளே பெரியவர்கள் அத்தனை பேர் இருக்க, மாமி ஏன் அன்று என்னைத் தேடி வந்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று புல்லில் இருந்தபோது, அவர் ஏரியைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நம்பி, எனக்குத் தெரிந்த பனியையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.