மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்ட இரவு

போடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸுகளுக்குப் படுக்க இடம் கிடையாது. இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒரு கால் நொண்டி. என்னோடு டூட்டி பார்த்தவளுக்கு ஏழாவது மாசம். பாதம் இரண்டும் வீங்கிப்போய், செருப்பைக் கழற்றினால் மறுபடி நுழையாது. அவள் உட்காரும்போது நாற்காலி ஆடாமல் இருக்க நான் மருந்துப் பெட்டி அட்டையை மடித்து அடியில் செருகுவேன். அரை மணி நேரம் படுத்தால் போதும் அக்கா என்பாள்.

மேனேஜரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். பழைய ஃபைல்கள் கிடக்கிற அறையைக் காலி செய்து ஒரு கட்டில், ஒரு ஃபேன், அவ்வளவுதான் கேட்டது. நோயாளிகளே தூங்குகிற நேரத்தில் உங்களுக்கு அப்படி என்ன சோலி என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரில் வந்து பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டேன்.

வந்தார். விடியற்காலை நாலரை மணிக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல். நாங்கள் தூங்குவதைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசை. விழித்திருந்தோம் என்பதில் மனுஷருக்குப் பெரிய ஏமாற்றம். அந்த எரிச்சலில்தான் அதைச் சொல்லிவிட்டார்.

நைட் டூட்டியில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கேஸ் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வந்துவிடும். நாங்கள் படித்தவர்கள்தான், இருந்தாலும் சொல்ல மாட்டோம். டாக்டரும் சொல்ல மாட்டார்.

“என்னம்மா, ஒரு கேஸக்கூடக் காணோம். நிம்மதியாத்தான இருக்கீங்க,” என்றார் மேனேஜர்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் செருப்பைக் கீழே போடுவதற்குள் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிய ஜீப்பு. மலை ஏறுகிற இடத்தில் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று புதரில் இடிக்க, குளவிக்கூடு கலைந்துவிட்டது. பதினாலு பேர், ஒருத்தர் முகமும் முகமாக இல்லை. பெயர் கேட்டால் வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து காற்றுதான் வந்தது.

டிரிப் ஸ்டாண்டு இருந்தது நாலுதான். ஐந்தாவதாக மேனேஜரை நிறுத்தினோம். பாட்டிலைப் பிடித்த கை தளரும்போதெல்லாம், ஒரு கண் மட்டும் திறந்திருந்த ஒரு அம்மா, “அப்பு, கைய இறக்காத, மருந்து இறங்கல,” என்று அதட்டினார். அப்புவாகிப்போன மேனேஜரும் பயந்து உயர்த்தினார்.

ஏழு மணிக்கு எல்லாரும் தேறி எழுந்து டீ கேட்டார்கள். மேனேஜர் சுவரில் சாய்ந்தபடி, கொஞ்ச நேரம் படுக்க இங்கே எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

“அதத்தான் சார் மூணு தடவ எழுதிக் குடுத்தோம்,” என்றேன்.

ஒரே வாரத்தில் கட்டில் வந்தது, ஃபேன் சுற்றியது. முதல் நாள் ராத்திரி பார்வையிட அவரே வந்தார். படுத்தவுடன் அவள் தூங்கிப்போனாள். செருப்பை நான்தான் கழற்றிவிட்டேன். வார்டு அமைதியாகக் கிடந்தது. மேனேஜர் சுற்றிலும் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக என்னமோ சொல்ல வாயெடுத்தார். சட்டென்று அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

அரை மணி நேரம் ஆனது. நான் அவளை எழுப்பவில்லை.