பதினோரு மாதம் தூங்கிய கடல்

'அண்ணாச்சி, 112ஆம் பக்கத்தப் பாருங்க. தேதியெல்லாம் சரியா இருக்கான்னு உங்க டயரியப் பாத்துச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. - ஜெபராணி.'

இவ்வளவுதான் கடிதம். தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லும் கடிதத்திலேயே தேதி இல்லை! கூரியர் என் கைக்கு வந்தது சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. நான் குறித்து வைத்திருக்கிறேன். யாராவது குறிக்க வேண்டாமா?

ஜெபராணியைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே சொல்லியிருக்கிறேனோ? புதிதாக வருபவர்களுக்காக மறுபடி. தூத்துக்குடிக்காரர். டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். நடுவில் மூன்று கவிதைத் தொகுப்பு, ஐந்து நாவல். நான் அதே அலுவலகத்தில், அதே செக்‌ஷனில், நான்கு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியது டயரி மட்டும்.

இப்போது அவர் தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். கவரில் இருந்தது அதன் புரூஃப்.

112ஆம் பக்கத்தைத் திறந்தேன். 'என் முதல் கவிதைத் தொகுப்புக்கான அனுமதி ஃபைல், மேல்மாடியில் யாரோ ஒரு அதிகாரியின் அலமாரியில் பதினோரு மாதம் தூங்கியது. என் நண்பர் ஒருவர் மட்டும் வாராவாரம் அதைத் தேடி மாடி ஏறி இறங்கினார். அவருக்கு இந்தப் புத்தகத்தில் நன்றி சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது?'

அந்த நண்பர் நான்தான்.

பதினோரு மாதம் - சரி. தூங்கியது - சரி. மேல்மாடி - தவறு. அது தூங்கியது என் டிராயரில்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கவிதைப் புத்தகம் போடப் போகிறேன் என்று ஜெபராணி சொன்னபோது, 'அனுமதி கேட்காமல் போடாதீர்கள், வேலைக்கு ஆபத்து' என்று பயமுறுத்தியவன் நான். விதிப்புத்தகத்தையே எடுத்துக் காட்டினேன். அதே விதியின் கீழே, இலக்கியப் புத்தகத்துக்கு முன்அனுமதி தேவையில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. அது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் திருப்பவில்லை.

அரசு அலுவலகத்தில் ஒரு விஷயத்தைக் கேட்காதவரை அது உங்கள் விஷயம். கேட்டுவிட்டால் ஃபைல்!

ஃபைல் மேலே போனது. ஒரே வாரத்தில் கீழே வந்தது. 'கவிதைகளின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் இணைக்கவும்.' செக்‌ஷனில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கவிஞர். இன்னொருவர்... நான்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். மழைக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு கவிதை. 'மழை இதுவரை வந்து சேரவில்லை எனக் கவிஞர் தெரிவிக்கிறார்' என்ற பொருளில் எழுதினேன். திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு வந்தது இது:

'என் ஸ்டெனோ பேடின் கடைசிப் பக்கத்தில்
ஒரு கடல் இருக்கிறது -
யாரும் டிக்டேட் செய்யாதது.'

இதை எப்படிச் சுருக்குவது? 'அலுவலக நோட்டைக் கவிஞர் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதாகத் தெரிகிறது' - இதுதான் எனக்கு வந்தது. இதை மேலே அனுப்பினால் ஜெபராணிக்கு அனுமதி வராது, மெமோதான் வரும். அனுப்பாமல் விட்டால்? ஃபைலை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நாளைக்குப் பார்க்கலாம்.

'அண்ணாச்சி, ஃபைல் என்னாச்சு?' என்று அவர் கேட்கும் போதெல்லாம், 'மேலே இருக்கும்மா, இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன்' என்றேன். கேட்ட நாட்களை டயரியில் குறித்தும் வைத்தேன். முப்பத்தேழு முறை.

கடைசியில் ஒரு நாள், அந்தக் கவிதைக்கு நேராக 'பொருள் தெளிவாக இல்லை' என்று எழுதி, மூலக் கவிதையையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் திரும்பி வந்தது. பச்சை மை. பச்சை மை என்றால் பெரிய அதிகாரி. 'அனுமதி தேவையில்லை. புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பவும்.'

இப்போது சொல்லுங்கள். தேதிகளைச் சரிபார்த்து, 'எல்லாம் சரி' என்று பதில் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பொய் அச்சாகும். அதில் எனக்கு நன்றி வேறு!

வியாழக்கிழமை பழைய டயரியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறினேன். கதவைத் திறந்தது ஜெபராணியின் மகள் ஷீபா. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், குர்காவ்னில் வேலை.

"அச்சா... நீங்கதான் அந்த ஃபைல்வாலா அங்கிளா? மம்மி, ஜல்தி வாங்க!"

உட்காரக்கூட இல்லை. டயரியைப் பிரித்து நீட்டினேன். "உங்க ஃபைல் மேலே இல்லம்மா. என்கிட்ட இருந்தது."

ஜெபராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கம் பக்கமாக.

"பதினோரு மாசம் அண்ணாச்சி. கவிதையே எழுதக் கூடாதுன்னு ஒரு ராத்திரி பூரா அழுதிருக்கேன். தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது."

"புத்தகமாப் போட்டாத்தான பெர்மிஷன் கேக்கச் சொல்லுதாங்க, பெருசா ஒண்ணு எழுதி ஒளிச்சு வச்சுக்கிடுவோம்னுதான் மொத நாவல ஆரம்பிச்சேன். அதுக்காவ ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீய."

"நினைக்கல."

பிறகு, என் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து டயரியில் நான் குறித்து வைத்திருந்த அந்த வரிக்கு வந்தார். மழை இதுவரை வந்து சேரவில்லை எனக் கவிஞர் தெரிவிக்கிறார்... தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு! ஷீபாவைக் கூப்பிட்டு, வாசித்துக் காட்டி, இருவரும் சோபாவில் சாய்ந்து சிரித்தார்கள்.

"அந்தப் பக்கத்த மாத்தி எழுதுதேன். நன்றிய எடுத்துருவேன். ஆனா ஒண்ணு, வெளியீட்டு விழாவுல அத நீங்கதான் வாசிக்கணும். மேடையில. எல்லாருக்கும் முன்னால."

"ஐயோ..."

"முப்பத்தேழு தடவ நான் கேட்டேன்லா? ஒரு தடவ நீங்க வாசிங்க."

போன ஞாயிறு, லோதி ரோடு அரங்கம். உட்கார இடமில்லை, சுவரோரம் நின்றார்கள். ஜெபராணியின் பழைய ஆபீஸ்காரர்கள் இரண்டு வரிசையை முழுசாகப் பிடித்திருந்தார்கள். நான் மைக் முன்னால் நின்று, என் தவறை, அவர் எழுதிய தமிழில் வாசித்தேன். டிராயர் வந்த இடத்தில் சிரிப்பு. மழைச் சுருக்கம் வந்த இடத்தில் கைதட்டல். வாசிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்து ஷீபா. தமிழ் படிக்க வராது. ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கடல் கவிதையைச் சொன்னாள். 'டிக்டேட் செய்யாதது' என்று அவள் முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. முதல் வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. ஜெபராணி. மடியில் புதுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்பனைக்கு வந்த பிரதிகள் டீ வருவதற்குள் தீர்ந்துவிட்டன. கையெழுத்து வாங்க நின்ற வரிசை மாடிப்படிவரை இறங்கியது. நானும் நின்றேன்.

என் பிரதியில் கையெழுத்தோடு தேதியும் போட்டுக் கொடுத்தார். முதல் முறையாக!

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. பச்சை மை அதிகாரியின் இனிஷியல் வெறும் கிறுக்கல். அப்போது அந்த மாடியில் பச்சை மைக்குத் தகுதியானவர்கள் மூன்று பேர், மூவரும் வடக்கத்திக்காரர்கள். ஆனால் திரும்பி வந்த ஃபைலில் பச்சையில் ஒரு சின்ன டிக் இருந்தது. என் ஆங்கிலச் சுருக்கத்தின் பக்கத்தில் அல்ல. தமிழ்க் கவிதையின் கடைசி வரிக்கு நேராக.

மூவரில் யாருக்குத் தமிழ் தெரியும்? இந்த வாரம்வரை உறுதி செய்ய முடியவில்லை.