சிக்னல் கிடைக்கும் மேடு

மலேசியாவில் மர ஆலை விபத்தில் இடது காலை இழந்த செபாஸ்டின், ஊர் திரும்பிக் கிளாவரை மலைக்கிராமத்தில் பூண்டு பயிரிட்டு வந்தார். மலேசியாவிலிருந்து வரும் ஊனமுற்றோர் பென்ஷன்தான் குடும்பத்துக்கு ஆதாரம். வருடாவருடம் சான்றுக் காகிதம் அனுப்பினால் போதும் என்றிருந்தது, இந்த வருடம் பென்ஷன் ஆபீஸே நேரில் பார்த்துச் சரிபார்க்கும் வீடியோ அழைப்பாக மாறியது. எடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

வீட்டில் சிக்னல் இல்லை. தோட்டத்துக்கு மேலே, மேட்டுப் பாறையில்தான் கிடைக்கும். வெள்ளனே எழுந்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையையும் செயற்கைக் காலையும் மாட்டிக்கொண்டு ஏறினார். மனைவி லீமா பின்னால் வந்தாள்.

பாதி வழியில் அவள் கேட்டாள். "ஏங்க, இம்புட்டு ஒசரத்துல நின்னா, கால் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிர மாட்டாங்களா?"

அதே பயம்தான் அவருக்கும். "பேசாம வா" என்றார்.

அழைப்பு வந்தது. திரையில் பென்ஷன் ஆபீஸிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். "அங்கிள், பின்னால மலையா? எப்படி ஏறுனீங்க?"

அந்நியப் பெண்ணிடம் செபாஸ்டின் அந்தக் காலைக் காட்டியதே இல்லை. பாறையில் உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டி, செயற்கைக் காலைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த உறையில் ரத்தம் கசிந்திருந்தது.

"நடந்துதாம்மா ஏறுனேன். வீட்டுல டவர் எடுக்காது."

அந்தப் பெண் ஏதோ தட்டச்சு செய்தாள். "போதும் அங்கிள். மூடிக்குங்க. பதிஞ்சிட்டேன்."

அதன் பிறகு வீங்கிய காலில் செயற்கைக் காலை மாட்ட முடியவில்லை. லீமாவின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினார்.

"நீங்க எறங்குறதத்தான் அந்தப் பொண்ணு பாத்திருக்கணும்" என்றாள் லீமா.