தேங்காய்க் கேசும் பழைய ஜெயிலும்

நெய்யாற்றங்கரைப் பழைய ஜெயிலை இடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். ராஜா காலத்தில் உப்பு அடுக்கிவைக்கக் கட்டியதாம் அது. பிறகு கம்பி போட்டு ஜெயிலாக்கினார்கள். புது ஜெயில் வந்ததும் பழைய ஆபீஸ் கடுதாசிகளை அதில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு அதன் சரித்திரம் பதினொரு நாள்தான்.

குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்த காலம். பெருங்கடவிளைப் பக்கம் எல்லோரும் செய்ததையே அப்பாவும் செய்தார். ஓலைவேலி கட்டி, உரிமையைக் காட்ட உள்ளே நின்ற தென்னையில் ஏறி ஒரு குலை வெட்டினார். நிலத்துக்காரர் திருட்டுக் கேஸ் கொடுத்தார். பதினொரு நாள் அந்த ஜெயிலில் கிடந்துவிட்டு, கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்போலத் திரும்பிய அப்பா, "எலே, மண்ணு நம்மதாக்கும்!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மண்ணும் கிடைத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஜெயில் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

அண்ணன் கல்ஃபுக்குப் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இவன்மேல கேஸ் ஏதும் உண்டா?" என்றுதான் கேட்டார். பத்தாம் வகுப்புப் படித்த பெண் என்ற திமிரில் நான் முந்திக்கொண்டேன். "இல்ல சாரே. எங்க அப்பாகூட ஜெயில் பக்கம் போனதில்ல."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அப்பன் கேஸ் மகனைத் தடுக்காது என்று பிற்பாடு தெரிந்தது.

அன்றோடு ஜெயில் கதை நின்றது. அந்தப் பத்து சென்டில் அண்ணன் கான்கிரீட் வார்ப்பு வீடு கட்டினான். பார்க்க வந்தவர்களிடம், "எல்லாம் மகன் சம்பாத்தியம்" என்பார் அப்பா. மண் எப்படி வந்தது என்று மூச்சுவிடமாட்டார். தப்பாய்ச் சொல்லிவிட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம், சொல்லவில்லை.

ஜெயிலைப் பார்க்க அவரோடு பஸ் ஏறியபோது, இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இடிக்க வந்த மேஸ்திரி வாசலில் மரியாதையாய் எழுந்து நின்றார்.

"பத்து சென்டுக்காக உள்ள கெடந்தவங்க நெறய பேரு பாக்க வந்தாவ. நீங்களும் கெடந்ததுண்டா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மக்கா. வெறுதே பாக்க வந்தேன்."

உள்ளே போய்ப் பாருங்கள் என்று மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டார். அப்பா போகவில்லை. பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். அந்தப் பொய்யை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.